ஏர்லெஸ் கன்னில் லேக்கர் அடிக்கப் பழகுகிறவர்களுக்கு: டிரிக்கரை விட்ட பிறகு என்ன செய்வது?

சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் கதவு, கேபினெட் செய்யும் பட்டறைகளில் புதிதாகப் பெயிண்ட் பூத்துக்கு வரும் தம்பிகள் முதலில் கேட்பது, கன்னை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்றுதான். பலகையிலிருந்து 25-30 சென்டிமீட்டர், நேராக, மணிக்கட்டைத் திருப்பாமல் முழுக்கையையும் நகர்த்த வேண்டும். கொஞ்ச நாளில் அது கைக்கு வந்துவிடும். வராமல் இழுத்தடிப்பது மெஷினை நிறுத்தும் முறை. அதனால் இந்தப் பதிவில் அதற்குத்தான் அதிக இடம். கம்ப்ரசரில் தண்ணீர் வடிப்பது, பெயிண்டை வடிகட்டுவது, சேண்டிங் தூசியைத் துடைப்பது எல்லாம் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

எந்தக் கன்?

நாற்காலி, சின்னச் சட்டம் என்றால் எச்விஎல்பி கன் (காற்று அதிகம், அழுத்தம் குறைவு) போதும். முனையில் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐ-யைத் தாண்டாது, பெயிண்டும் அவ்வளவாக வீணாகாது. பழகுவதற்கும் இதையே சொல்வேன். வரிசையாகக் கதவு அடிக்கத்தான் ஏர் அசிஸ்டட் ஏர்லெஸ், அதாவது பம்ப் பெயிண்டையே அழுத்தித் தள்ளும், காற்று துணைக்கு மட்டும். அதன் பம்பில் 30:1 என்று எழுதியிருந்தால், 6 பார் காற்று கொடுக்கும்போது பெயிண்ட் 180 பாரில் நிற்கிறது என்று அர்த்தம். காற்று கேஜில் தெரியும் 6-ஐ நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். சுவருக்கு எமல்ஷன் அடிக்கும் மின்சார ஏர்லெஸ்ஸை என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கருக்கு இரவல் வாங்கி வரவே கூடாது. அதன் சுவிட்சில் வரும் பொறி ஒன்றே போதும்.

படி 1: டின்னைத் திறக்கும் முன்

முதலில் எக்ஸாஸ்ட் ஓடட்டும். தண்ணீர்த் திரை பூத் என்றால் திரை இடைவெளி இல்லாமல் விழுகிறதா என்று பாருங்கள். ஃபில்டர் பூத் என்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று மானோமீட்டரில் (அழுத்த வித்தியாசம் காட்டும் மீட்டர்) பாருங்கள். என்சி தின்னரில் பெரும்பாலும் டொலுயீன் இருக்கும். அது வெறும் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். சிங்கப்பூர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம், நள்ளிரவிலும் அந்த ஆவி இருக்கும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து போகும். ஆகவே தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை அப்புறப்படுத்துங்கள். கைப்பேசி வெளியே இருக்கட்டும்.

நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் கிளிப் கடிக்கும் இடத்தில் பழைய பூச்சு படிந்திருந்தால் கிளிப் மாட்டியும் பயனில்லை. உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள்.

படி 2: மாஸ்க்

சர்ஜிக்கல் மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. என்சி லேக்கருக்கு நான் விரும்புவது த்ரீஎம் 7502 சிலிக்கான் அரைமுக மாஸ்க், ஆவியை உறிஞ்சும் 6001 கார்ட்ரிட்ஜ், அதன்மேல் துகளைத் தடுக்கும் 5என்11 ஃபில்டர். வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். வெளியே தொங்கவிட்டால் சும்மா இருக்கும்போதே தீர்ந்துபோகும்.

ஹார்ட்னர் கலக்கும் 2கே பியூ (இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) வேறு கதை. அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவைக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததை வாசனை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, வாசனை வருமுன்பே அளவு மீறியிருக்கும். இதற்கு வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் மாஸ்க்தான் சரி. முதலாளியிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

படி 3: அடைப்பும் நிறுத்தமும்

வேலை நடுவே டிப் (பெயிண்ட் வெளியே வரும் முனை) அடைத்துக்கொள்ளும். உடனே எல்லாருக்கும் வரும் பழக்கம், விரலால் துடைத்துப் பார்ப்பது. விரலை முன்னால் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறையும் தடுக்காது.

செய்ய வேண்டியது இது. டிரிக்கர் லாக் போடுங்கள். பம்புக்கு வரும் காற்றை மூடுங்கள், ரெகுலேட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு லாக்கை எடுத்து, கன்னின் உலோகப் பாகத்தை எர்த் செய்த இரும்பு வாளியின் விளிம்பில் அழுத்திப் பிடித்து டிரிக்கரை இழுங்கள். வாளிக்கு அடியில் அட்டையோ செய்தித்தாளோ போடாதீர்கள், எர்த் அறுந்துவிடும். அடுத்து பம்பின் டிரெய்ன் வால்வைத் திறந்து, திறந்தபடியே விடுங்கள். மறுபடி லாக்.

இங்கேதான் நானும் திணறினேன். கேஜ் பூஜ்யம் காட்டும், டிரிக்கரை இழுத்தால் ஒன்றும் வராது, அழுத்தம் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் டிப் அடைத்திருந்தால் ஹோஸுக்குள் அது அப்படியே சிறைப்பட்டிருக்கும். ஆகவே டிப் கார்டை (முனைக்கான பாதுகாப்புக் காப்பு) பிடித்திருக்கும் நட்டை மிக மெதுவாக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஓரத்தில் பெயிண்ட் கசிந்தால் அழுத்தம் இறங்குகிறது. கசிவு நின்ற பிறகுதான் முழுதாகக் கழற்ற வேண்டும். அவசரமாகக் கழற்றினால் நட்டும் பெயிண்டும் சேர்ந்து பறக்கும்.

விரலில் பாய்ந்துவிட்டால் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அவ்வளவாக இருக்காது. பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். பெயிண்டின் பாதுகாப்புத் தகவல் தாளை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், உயர் அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே பாய்ந்தது என்று சொல்லுங்கள். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

படி 4: மிச்சம் மீதி

தின்னர் விட்டு அலசும்போது அழுத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும். பூத்தில் படிந்த என்சி தூளை நனைத்து, பித்தளைச் சுரண்டியால் எடுங்கள். ஒரே பூத்தில் காலையில் என்சி, மதியம் பியூ அடிப்பதாக இருந்தால் நடுவில் ஃபில்டரை மாற்றுங்கள். இரண்டின் தூளும் ஒன்றாகப் படிந்தால் யாரும் நெருப்பு வைக்காமலே சூடேறிப் பற்றலாம். கழற்றிய ஃபில்டர், ஆளி விதை எண்ணெய் துடைத்த துணி இரண்டையும் மூடியுள்ள இரும்பு டிரம்மில் தண்ணீரில் மூழ்கவைக்க வேண்டும். குப்பைத்தொட்டியில் சுருட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை

கார்த்திகையில் மாலை போட்டுத் தாடி வைப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் முடி இருந்தாலே அரைமுக மாஸ்க் ஒட்டாது. தலையை மூடும் தளர்வான ஹூட், காற்றுக் குழாயோடு வரும், அதற்குத் தாடி தடையில்லை. அது இல்லையென்றால் மண்டலம் முடியும்வரை மாஸ்க் தேவைப்படாத வேலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சேண்டிங் பக்கம் போனாலும் மரத்தூசிக்கு மாஸ்க் தேவை, அதுவும் தாடியில் ஒட்டாது என்பதால், காற்று ஹூட் வாங்கித் தருவதே முதலாளிக்கும் லாபம்.

மழைக்காலத்தில் என்சி லேக்கர் பால்போல வெளுக்கிறது என்று எக்ஸாஸ்டை நிறுத்துகிறார்களாம். வேண்டாம். தின்னரோடு ரிடார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கொஞ்சம் கலந்து பாருங்கள், அல்லது மழை விடும்வரை பொறுங்கள்.

ஹார்ட்னர் டின் உப்புகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஈரம் உள்ளே போனால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும், இறுக்கி மூடினால் வெடிக்கலாம். உப்பிய டின்னைத் தொடாமல் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். பழைய தின்னரையும் வடிகாலில் ஊற்றக் கூடாது. நச்சுத் தொழிற்கழிவு எடுக்க உரிமம் உள்ள நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.