இடுப்பை அளந்து பாத்திருக்கீங்களா? பேன்ட் சைஸை சொல்லாதீங்க

நிறைய பேரு "நான் 34 சைஸ் தான்"னு சொல்லுவாங்க, ஆனா பேன்ட்டை தொப்பைக்கு கீழ இறக்கி போட்டுட்டு 34-னா அது கணக்குலயே வராது. தையக்காரர் வச்சிருக்குற மாதிரி ஒரு இன்ச் டேப் எடுங்க, ரொம்ப பழசா இழுத்து இழுத்து தொளதொளனு ஆனது வேணாம்.

சட்டையை தூக்கிட்டு, கடைசி விலா எலும்பு எங்க முடியுதுனு விரலால தடவி பாருங்க, அப்புறம் பக்கவாட்டுல இடுப்பெலும்போட மேல் விளிம்பு, ரெண்டுக்கும் சரியா நடுவுலதான் டேப் சுத்தணும். முன்னாடி பின்னாடி ஒரே மட்டமா இருக்கணும், தோல்ல பதியுற அளவுக்கு இறுக்கக்கூடாது. சாதாரணமா மூச்சை விட்டுட்டு உடனே அளவை பாருங்க. வயித்தை எக்கி ஏமாத்துனா நஷ்டம் நமக்குத்தான் :)

நம்ம தெற்காசிய உடம்புக்கு ஆம்பளைங்க 90 செ.மீ, பொம்பளைங்க 80 செ.மீ, அதை தொட்டாலே சுகர், பிரஷர், ஹார்ட் பிரச்சனைக்கு ரிஸ்க் கூடுதுனு அர்த்தம். ஐரோப்பியர்களுக்கு ஆம்பளைங்க அளவு 94, அதை பாத்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. இன்னொரு ஈஸியான வழி, இடுப்பு உங்க உயரத்துல பாதிக்கு கீழ இருக்கணும், 160 செ.மீ உயரம்னா 80-க்குள்ள.

பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையானு பாக்குற கணக்கு) நார்மலா இருந்தாலும் இதை பாக்கணும், ஏன்னா கை கால் ஒல்லியா இருந்து வயிறு மட்டும் முன்னாடி வர்றவங்க நம்மல்ல ஏராளம், குடல், கல்லீரல் பக்கத்துல சேர்ற அந்த கொழுப்புதான் வில்லன், எடை மிஷின் அதை காட்டாது. மாசமா இருக்கவங்களுக்கு இந்த கணக்கு பொருந்தாது. அளவு தாண்டிருந்தா ஒருதடவை சுகரும் பிரஷரும் செக் பண்ணிடுங்க.