தீருவின் பாரம், தமஸ்குவின் பாரம்: பிற தேசங்களைப் பற்றிய தீர்க்கதரிசனங்களை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011இல் சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு, தமஸ்கு நகரமாயிராமல் பாழான மண்மேடாகும் என்று சொல்லும் ஏசாயா 17:1, கிறிஸ்தவர்களிடையே அடிக்கடி எடுத்துப் பேசப்பட்டது. தொலைக்காட்சியில் இடிந்த கட்டடங்களைப் பார்த்துவிட்டு வேதத்தைத் திறந்தால், அந்த வசனம் நேற்று எழுதப்பட்டதுபோலத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அதே அதிகாரத்தின் 3ஆம் வசனம் எப்பிராயீமின், அதாவது வட இஸ்ரவேலின், அரணும் அற்றுப்போகும் என்று தமஸ்குவோடு சேர்த்துச் சொல்வதையும், 4 முதல் 11 வரையுள்ள வசனங்கள் பெரும்பாலும் யாக்கோபின் வீட்டாரையே கடிந்துகொள்வதையும் அந்தப் பேச்சுகளில் கேட்பது அரிது. சீரியாவின் ராஜாவாகிய ரேத்சீனும் இஸ்ரவேலின் ராஜாவாகிய பெக்காவும் கூட்டுச் சேர்ந்து எருசலேமின்மேல் படையெடுத்த காலம் அது. யூதாவின் ராஜாவாகிய ஆகாஸ் நடுங்கிக்கொண்டிருந்தான் (ஏசாயா 7). கி.மு. 732இல் அசீரிய ராஜா திகிலாத்பிலேசர் தமஸ்குவைப் பிடித்து, அதன் குடிகளைச் சிறைபிடித்துக்கொண்டுபோய், ரேத்சீனைக் கொன்றான் என்று 2 இராஜாக்கள் 16:9 சொல்கிறது. பத்தே ஆண்டுகளில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவும் விழுந்தது. முதலில் கேட்டவர்களுக்கு அந்த வார்த்தை என்னவாக இருந்தது என்று விசாரிக்காமல் நேராக இன்றைய செய்திக்குத் தாவுவதே இவ்வகைத் தவறுகளுக்கெல்லாம் வேர் என்று நான் நினைக்கிறேன்.

தமஸ்கு அழிந்தபின் மறுபடியும் நகரமாக எழுந்ததால், அந்த வசனம் இன்னும் நிறைவேறவில்லை என்று சிலர் வாதிடுவார்கள். தீர்க்கதரிசிகள் பேசும் மொழி எத்தகையது என்பதை இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. ஏசாயா 13இல் பாபிலோனின் வீழ்ச்சியைச் சொல்லும்போது சூரியன் இருளடையும், நட்சத்திரங்கள் ஒளிகொடாதிருக்கும் என்று வருகிறது. அதே அதிகாரத்தில் மேதியர் என்று பெயரும் குறிக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 539இல் பெர்சிய ராஜா கோரேசின் படை பெரிய சண்டையில்லாமலே பாபிலோனுக்குள் நுழைந்தது. அன்று வானத்தின் விளக்குகள் அணையவில்லை. அணைந்தது ஒரு சாம்ராஜ்யம். கவிதையாகச் சொல்லப்பட்டதை வானிலை அறிக்கைபோல வாசித்தால், ஒன்று வேதம் பொய்யாகிவிட்டதென்று கலங்குவோம், அல்லது நிறைவேற்றத்தை எதிர்காலத்துக்குத் தள்ளிக்கொண்டே போவோம்.

எழுத்துக்கு எழுத்து வாசிக்கும் இந்தப் பிடிவாதம் எவ்வளவு சிக்கலைக் கொண்டுவரும் என்பதைப் பழைய துறைமுக நகரமான தீருவில் தெளிவாகக் காணலாம். எசேக்கியேல் 26இல், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தீருவுக்கு விரோதமாக வருவான் என்றும், நகரம் வெறும் பாறையாகி வலை விரிக்கும் இடமாகும் என்றும், இனிக் கட்டப்படாது என்றும் சொல்லப்படுகிறது. பிரசங்கங்களில் இது தீர்க்கதரிசனம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுவது வழக்கம். நேபுகாத்நேச்சார் கரையிலிருந்த பகுதியை அழித்தான், கி.மு. 332இல் அலெக்சாந்தர் அந்த இடிபாடுகளையே கடலில் கொட்டி அணை போட்டு, ஏழு மாத முற்றுகைக்குப் பின் தீவு நகரத்தைப் பிடித்தான். ஆகவே மண்ணும் மரமும் தண்ணீரில் போடப்படும் என்ற 12ஆம் வசனம் அப்படியே நடந்தது என்பார்கள். அதில் உண்மை உண்டு. கடல் அலைகளைப்போல அநேக ஜாதிகள் வருவார்கள் என்று 3ஆம் வசனம் சொல்வதும், 12ஆம் வசனத்தில் "அவன்" என்ற ஒருமை "அவர்கள்" என்று மாறுவதும் கவனிக்கத்தக்கவை. ஆனால் இங்கே நிறுத்தாமல், இன்று தீருவில் ஆள் அரவமே இல்லை, மீனவரின் வலைகள் மட்டுமே காய்கின்றன என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது. லெபனோனின் தென்கரையில் சூர் என்ற பெயரோடு அந்த நகரம் இன்றும் இருக்கிறது. பல்லாயிரம் பேர் அங்கே வாழ்கிறார்கள். வேதத்தை நிலைநாட்டப் போய், தேசப்படத்தைத் திறக்கும் எந்த மாணவனும் மறுத்துவிடக்கூடிய ஒன்றை நாம் சொல்லிவிடுகிறோம்.

எசேக்கியேலுக்கே இந்தப் பதற்றம் இருக்கவில்லை. நேபுகாத்நேச்சாரின் முற்றுகை பதின்மூன்று ஆண்டுகள் நீடித்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அது முடிந்தபின், கி.மு. 571இல் சொல்லப்பட்ட வார்த்தை 29ஆம் அதிகாரத்தின் 17 முதல் 20 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது. சேனையின் தலைகளெல்லாம் மொட்டையாகி, தோள்களெல்லாம் தோலுரிந்துபோன பிறகும், தீருவினிடத்தில் அவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை. அதற்கு ஈடாக எகிப்து கொடுக்கப்படும் என்கிறது அது. எதிர்பார்த்த கொள்ளை கிடைக்கவில்லை என்பதைத் தீர்க்கதரிசி ஒளிக்கவில்லை. முந்தைய வார்த்தையை அழித்து எழுதவும் இல்லை. இரண்டையும் ஒரே சுருளில் விட்டுச் சென்றார். எசேக்கியேல் 26ஐப் பிரசங்கிப்பவர்கள் 29ஐயும் சேர்த்து வாசித்தால், ஒவ்வொரு சொல்லும் நிறைவேறியதா என்று சரிபார்க்கும் வேலையிலிருந்து பாதி விடுதலை கிடைக்கும்.

நிபந்தனையை மறப்பது இன்னொரு தவறு. ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று கர்த்தர் சொன்ன பிறகும், அது தன் தீமையை விட்டுத் திரும்பினால் அவரும் அந்தத் தீங்கைச் செய்யாமல் மனம் மாறுவார் என்று எரேமியா 18:7-8 பொதுவிதியாகவே சொல்கிறது. நினிவே கவிழும் என்று யோனா சொன்ன நாற்பது நாள் கெடுவில் "ஒருவேளை" என்ற சொல்லே இல்லை. ஆனாலும் நினிவே அன்று கவிழவில்லை. பிற்பாடு கி.மு. 612இல், நாகூம் சொன்னபடி, கவிழ்ந்தது.

பெயரின் ஓசையை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எசேக்கியேல் 38:2இல் உள்ள மேசேக் மாஸ்கோ என்றும், எபிரெயுவில் உள்ள ரோஷ் ரஷ்யா என்றும் ஒரு விளக்கம் நெடுநாளாக உலவுகிறது. மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கியின் பகுதியில் வாழ்ந்த ஜனங்கள். அசீரியக் கல்வெட்டுகள் அவர்களை முஷ்கு, தபால் என்று குறிக்கின்றன. ரோஷ் என்பது எபிரெயுவில் "தலை" என்று பொருள்படும் சாதாரணச் சொல். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அந்த இடத்தில் அது தேசப் பெயராக வரவில்லை.

இவற்றைவிட எனக்கு வருத்தமாக இருப்பது, இந்த அதிகாரங்களை வாசித்துப் பிற தேசத்தாரின் அழிவில் மகிழ்வது. இந்த வசனங்களில் "பாரம்" என்று தமிழில் வரும் எபிரெயுச் சொல்லான மஸ்ஸா, சுமையையும் குறிக்கும், தீர்க்கதரிசன வார்த்தையையும் குறிக்கும். அதைச் சொன்னவர்கள் உண்மையிலேயே சுமந்தார்கள். ஏசாயா 15:5இல் மோவாபுக்காக இருதயம் ஓலமிடுகிறது. எரேமியா 48:31இலும் அதே அழுகை. மோவாப், அம்மோன், ஏலாம் ஆகியவற்றுக்கு எரேமியா சொன்ன தண்டனைச் செய்திகள், அவர்களுடைய சிறையிருப்பைத் திருப்புவேன் என்ற வாக்கோடு முடிகின்றன. ஆமோஸ் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றி வரும்போது கேட்டவர்கள் தலையசைத்திருப்பார்கள். வட்டம் சுருங்கி யூதாவிலும், கடைசியில் இஸ்ரவேலிலும் வந்து நின்றபோதுதான் அவர்களுக்கு வலித்திருக்கும். அந்தப் பட்டியலை வாசிக்கும் சபை தன்னை வட்டத்துக்கு வெளியே நிறுத்திக்கொண்டால், ஆமோஸின் முதல் கேட்போர் செய்த தவற்றையே செய்கிறது.

தீருவுக்கு ஏசாயா 23இலும் ஒரு பாரம் உண்டு. அது அழிவோடு முடியவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதன் வியாபாரமும் ஆதாயமும் கர்த்தருக்குப் பரிசுத்தமாக்கப்படும் என்று முடிகிறது. அப்போஸ்தலர் 21இல் பவுல் ஏறிவந்த கப்பல் அந்தத் துறைமுகத்தில்தான் சரக்கை இறக்கியது. அங்கே சீஷர்கள் இருந்தார்கள். அவன் ஏழு நாள் அவர்களோடு தங்கிப் புறப்பட்டபோது, அவர்கள் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் நகரத்துக்கு வெளியே கூடவே வந்து, கடற்கரையில் முழங்காற்படியிட்டு ஜெபித்தார்கள்.