மவுண்ட் செய்த சம்பா பகிர்வில் எழுதும் அனுமதியைச் சரிசெய்தல்

லினக்ஸ் கணினியில் மவுண்ட் செய்த (அதாவது ஒரு கோப்புறையில் இணைத்த) சம்பா பகிர்வில் (வேறொரு கணினி வலையமைப்பு வழியே பகிரும் கோப்புறையில்) உள்ள கோப்புகளைப் படிக்க முடிந்து, புதிதாக ஒன்றைச் சேமிக்கும்போது மட்டும் 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால், முதலில் மவுண்ட் செய்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளையை இயக்குவது) கொண்டு மவுண்ட் செய்து, உரிமையாளர் யார் என்று குறிப்பிடாமல் விட்டால், சிஐஎஃப்எஸ் (சம்பா பகிர்வை இணைக்கும் லினக்ஸின் பகுதி) பொதுவாக எல்லாக் கோப்புகளையும் ரூட்டின் (நிர்வாகிக் கணக்கின்) பெயரில், 0755 என்ற அனுமதியுடன் காட்டும். அதன்படி ரூட்டைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

இந்த இடத்தில் பலரும் சிஎச்மோட் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் கட்டளை) கொடுத்துப் பார்க்கிறார்கள்; தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள். மவுண்ட் செய்வதற்கு முன் கொடுத்தால் அது அடியில் இருக்கும் வெற்றுக் கோப்புறையைத்தான் மாற்றும். பகிர்வு அதன்மேல் அமர்ந்ததும் அந்த அனுமதி மறைந்துவிடும். பின்னர் கொடுத்தாலோ, கட்டளை பிழையின்றி முடிந்தாலும் கோப்புகளின் அனுமதியைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' பெரும்பாலும் பழைய அனுமதியையே காட்டும்.

முனையத்தில் 'ஐடி' என்று கொடுத்து உங்கள் பயனர் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்; உபுண்டுவில் முதல் பயனருக்கு வழக்கமாக 1000. பிறகு எஃப்எஸ்டேப் கோப்பில் (எவற்றை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) பகிர்வுக்கான வரியை இவ்வாறு மாற்றுங்கள் (தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்):

//192.168.1.10/பொது /எம்என்டி/பொது சிஐஎஃப்எஸ் கிரெடென்ஷியல்ஸ்=/ரூட்/சம்பாகணக்கு,யுஐடி=1000,ஜிஐடி=1000,ஃபைல்_மோட்=0664,டிர்_மோட்=0775,_நெட்டெவ் 0 0

காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால், மீதியை அடுத்த புலமாகக் கருதிவிடும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும் கணக்குக் கோப்புக்கு (மேலே 'கிரெடென்ஷியல்ஸ்' குறிப்பது) 600 அனுமதி, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் அனுமதி, கொடுங்கள். கடவுச்சொல்லை எஃப்எஸ்டேப்பிலேயே எழுதினால் அக்கணினியின் எல்லாப் பயனர்களும் அதைப் படிக்க முடியும்.

ரீமவுண்ட்டை (இணைப்பை அவிழ்க்காமலே விருப்பங்களை மாற்றுவதை) நம்பாமல், யுமவுண்ட் செய்து (இணைப்பை அவிழ்த்து) மறுபடி மவுண்ட் செய்வதே உறுதியான வழி. 'டார்கெட் இஸ் பிசி' என்று மறுத்தால், ஏதோ ஒரு முனையம் இன்னும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே நிற்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருந்திருக்கிறது. மவுண்ட் ஆனதும், சூடோ இல்லாமல், 'டச்' கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிச் சோதியுங்கள்.

அப்போதும் மறுத்தால், தடை சர்வரில் (பகிர்வைத் தரும் கணினியில்) இருக்கிறது. மேலே கொடுத்த 1000 என்ற எண் உங்கள் கணினியில் தெரியும் தோற்றத்தை மட்டுமே மாற்றுகிறது. சர்வர் பார்ப்பது நீங்கள் உள்நுழைந்த கணக்கை. சம்பாவில் 'ரீட் ஒன்லி' என்பது இயல்பாகவே 'யெஸ்' என்பதால், அதன் அமைப்புக் கோப்பில் அந்தப் பகிர்வின் கீழ் 'ரீட் ஒன்லி = நோ' என்று எழுதி, 'டெஸ்ட்பார்ம்' கட்டளையால் சரிபார்த்து, சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதோடு, சர்வரின் வட்டில் உள்ள உண்மையான கோப்புறையிலும் அந்தக் கணக்குக்கு எழுதும் அனுமதி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எழுத முடியாது.

'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்ற பிழை வந்தால் அது வேறு விஷயம்: மவுண்ட் விருப்பங்களில் 'ஆர்ஓ' (படிக்க மட்டும்) இருக்கிறதா என்று தேடி, 'ஆர்டபிள்யூ' (படிக்கவும் எழுதவும்) என மாற்றுங்கள். சம்பாவுக்குப் பதில் என்எஃப்எஸ் (இன்னொரு வகை வலையமைப்புப் பகிர்வு) ஆக இருந்தால் யுஐடி விருப்பமே கிடையாது. வழக்கமான அமைப்பில் இரு கணினிகளிலும் பயனர் எண் ஒன்றாக இருக்க வேண்டும்.