தெருப் பூங்காவுக்கு ‘நமக்கு நாமே’ நிதி வாங்குவது எப்படி?

தெருமுனையில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் முள் மண்டிக் கிடக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் “நிதி இல்லை” என்ற பதில்தான் வருகிறது. அந்தப் பதிலோடு திரும்பி வந்துவிட வேண்டாம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997-98இல் தொடங்கிய திட்டம் இது. நடுவில் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறி, 2021-22இல் பழைய பெயரிலேயே திரும்ப வந்தது. நகர்ப்புறத்தில் பொதுவான வேலைகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது நாம் தர வேண்டும். குளம், ஏரி சீரமைப்பு என்றால் பாதி.

முதல் படி: இடம் யாருடையது?

வேலை பெரும்பாலும் நின்றுபோவது இங்கேதான். அதனால் நிதானமாகப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சையாக ‘பூங்கா’ என்று இருந்தால் மட்டும் போதாது. மனை போட்டவர் அதைத் தானப் பத்திரம் மூலம் நகராட்சிக்குப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். நகரமைப்புப் பிரிவில் அந்தப் பத்திரத்தின் எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இடம் இன்னும் தனியார் பெயரில் இருந்தால், மனை போட்டவரிடம் தானப் பத்திரம் எழுதி வாங்கும்படி நகராட்சிக்கு முதலில் மனு கொடுங்கள். தனியார் இடத்தில் பொதுப்பணம் செலவாகாது.

இரண்டாம் படி: மனு

ஒரு மனுவில் ஒரே வேலையைக் கேளுங்கள். பூங்கா, தெருவிளக்கு, வடிகால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் அது மேசைக்கு மேசை அலையும். தெருக்காரர்கள் கையெழுத்தோடு ஆணையருக்குக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகல் ஒன்றைக் கவுன்சிலரிடம் நேரில் கொடுங்கள். வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது அங்கேயும் எழுந்து சொல்லி, குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: மதிப்பீடு வந்த பிறகே வசூல்

எங்கள் தெருவில் இந்த வரிசையை மாற்றிவிட்டோம். வீட்டுக்கு இரண்டாயிரம் என்று முதலிலேயே வாங்கிவிட்டோம். உதவிப் பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு போட்டபோது தொகை மிகவும் கூடியிருந்தது. வேலைத் தொகைக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம் என்று சேரும் என்பது எங்கள் கணக்கில் இல்லை. அதே கதவுகளை மறுபடி தட்டியபோது பலருக்குச் சந்தேகம் வந்தது. அந்த நம்பிக்கையை மீட்க மாதக்கணக்கானது.

மதிப்பீடு 9 லட்சம் என்றால் நம் பங்கு 3 லட்சம். 60 வீடு இருந்தால் சராசரியாக ஐயாயிரம். எல்லாரிடமும் ஒரே தொகை கேட்காதீர்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பாட்டி நூறு ரூபாய் தந்தாலும் ரசீது போடுங்கள், பூங்காவில் அவருக்கும் அதே உரிமைதான். யாரிடமும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். அலுவலகம் எழுத்தில் சொல்லும் பெயருக்கோ கணக்குக்கோ வங்கி வழியாகவே கட்டி, ரசீது வாங்கி, அதன் நகலைத் தெருவில் ஒட்டுங்கள்.

நான்காம் படி: அனுமதியும் அஜெண்டாவும்

பணம் கட்டியபின் நிர்வாக அனுமதி (வேலையைச் செய்ய ஒப்புதல்), தொழில்நுட்ப அனுமதி (பொறியியல் மதிப்பீட்டுக்கு ஒப்புதல்) என்று இரண்டு வர வேண்டும். இரண்டின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நகர்மன்ற அஜெண்டாவில் உங்கள் வேலை வந்தால், ‘பொருள்’ என்ற இடத்தில் தலைப்பும், ‘அலுவலகக் குறிப்பு’ என்ற இடத்தில் தொகையும் வார்டு எண்ணும் இருக்கும். தொகை மதிப்பீட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒப்பந்தப்புள்ளி. இது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடப்பதால், அறிவிப்பை அரசின் டெண்டர் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: வேலை நடக்கும் இடம்

மனு கொடுத்த பலரும் பூமி பூஜையோடு போய்விடுகிறார்கள். உண்மையில் நீங்கள் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். மதிப்பீட்டு நகலோடு தினமும் ஒருவர் போய் நில்லுங்கள். நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் என்று போட்டிருந்தால் ஒரு கல்லை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கான்கிரீட் போட்ட இடம் சாதாரண சிமெண்ட் என்றால் 7 நாளாவது, பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் 10 நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் சில நாள் கூடுதலாக நனைப்பது நல்லது. மேஸ்திரியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். படம் எடுத்து, தேதியோடு உதவிப் பொறியாளருக்கு எழுதுங்கள்.

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே)-இன்படி ஆவணங்களை மட்டுமல்ல, நடக்கும் வேலையையே பார்வையிடலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியும் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.

இறுதி பில் போகும் முன், அளவுகளைப் பதியும் எம் புக்கின் நகலை வாங்கி, டேப் பிடித்து ஒருமுறை அளந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை மாதம் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் காலத்துக்குள் கல் உள்வாங்கினால், ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும்.