டீனேஜ் பிள்ளைங்க சாப்பாட்டுச் சிக்கல பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா?

கேள்வித்தாள தேடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குங்க. ஒரு பிள்ளை "சாப்ட்டுட்டு நானே வாந்தி எடுக்கறேன்"னு டிக் பண்ணிட்டா அந்தப் பேப்பர யாரு பாப்பாங்க, எவ்ளோ சீக்கிரம் பாப்பாங்க, எந்த டாக்டர்கிட்ட அனுப்புவீங்க, இதெல்லாம் எழுதி வச்சிட்டுதான் ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற எதிக்ஸ் கமிட்டி பக்கமே போகணும். பேரே கேக்காம சர்வே எடுத்தா உண்மைய சொல்லுவாங்க சரி, ஆனா ஆபத்துல இருக்கற பிள்ளைய அப்புறம் எப்படி கண்டுபிடிக்கறது? அதனால கோட் நம்பர் குடுத்து பேர் லிஸ்ட்ட தனியா பூட்டி வைங்க, எந்த நிலைமையில ரகசியத்த மீறி பெரியவங்ககிட்ட சொல்லுவோம்னு முதல்லயே சொல்லிடுங்க. பெத்தவங்க கையெழுத்து போட்டாலும் பிள்ளை வேணாம்னா வேணாம்தான்.

அடுத்து, எத அளக்கறீங்கன்னு தெளிவா இருங்க. சாப்பாட்டுச் சிக்கல் இருக்குமோன்னு பாக்கற கேள்வித்தாள்ங்கள்ல ஸ்காஃப் (SCOFF)ல 5 கேள்வி, 2 இல்ல அதுக்கு மேல ஆமான்னு வந்தா கவனிக்கணும், ஈட்-26 (EAT-26)ல 20 மார்க்கோ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும், அவ்ளோதான். ரெண்டுமே சல்லடை மாதிரி, நோய் இருக்குன்னு முடிவு பண்றதுக்கு டாக்டர் நேர்ல பேசிப் பாக்கணும், ஸ்கோர மட்டும் வச்சு "இத்தன பேருக்கு நோய்"னு எழுதறது ரொம்ப தப்பு. ஆம்பளப் பசங்கள விட்டுடாதீங்க, இந்தக் கேள்விங்க பெரும்பாலும் ஒல்லியாகணும்ங்கற ஆசையத்தான் தேடுது, உடம்பு ஏத்தணும்னு சாப்பாட்டோட மல்லுக்கட்டற பையன் இதுல மாட்டவே மாட்டான்.

இந்தச் சிக்கல் எதனால வருதுன்னு காரணம் சொல்றப்ப இன்னும் நிதானம் வேணும். ஃபிஜில 1995ல டிவி வந்த சமயத்துல ஆன் பெக்கர்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு ஸ்கூல் பொண்ணுங்ககிட்ட கேட்டப்ப எடைய குறைக்க வாந்தி எடுக்கறதா யாருமே சொல்லல, 1998ல 11.3 சதவீதம் சொன்னாங்க. பாத்தவுடனே டிவிதான் காரணம்னு தோணும், ஆனா ரெண்டு தடவையும் கேட்டது வேற வேற பொண்ணுங்க, அதுவும் ஒவ்வொரு தடவையும் எழுபது பேரு கூட இல்ல. அதே பிள்ளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாதான் எது முன்னாடி வந்துச்சு எது பின்னாடி வந்துச்சுன்னே சொல்ல முடியும்.

எடை பாக்கணும்னா தனி ரூம்ல பாருங்க, நம்பர சத்தமா படிக்காதீங்க. ரிப்போர்ட் எழுதறப்பவும் ஒரு பிள்ளை எத்தன கிலோ குறைச்சா, எப்படி மறைச்சாங்கற விவரம் வேணாம், அத இன்னொரு பிள்ளை படிச்சு அப்படியே செஞ்சு பாக்கும்.