உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு சோலார் தாங்கும்? கணக்கு போடறது இப்படித்தான்

எங்க தெரு கடைசி வீட்ல ஒரு சார் மூணு கிலோவாட் சோலார் போட்டார். ஞாயித்துக்கிழமை மதியம் ஆனா போதும், இன்வெர்ட்டர் தானா ஆஃப் ஆகும், கொஞ்ச நேரம் கழிச்சு தானா வரும், மறுபடி ஆஃப். பேனல் மாட்டின பையனை கூப்பிட்டு திட்டினார், அவன் மீட்டரை வெச்சு பார்த்துட்டு "சார், லைன்லயே 258 வோல்ட் வருது, நான் என்ன சார் பண்றது"ன்னு கிளம்பிட்டான். அவன் சொன்னது கரெக்ட் தான். தெருவுக்கு முன்னாடியே யாரும் கணக்கு போடலை, அவ்ளோதான். அந்த கணக்கு எப்படின்னு சொல்றேன், செக்‌ஷன் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பிங்களுக்கும் உதவும், அசோசியேஷன் செக்ரட்டரிங்களுக்கும் உதவும்.

மொதல்ல யார் யார் போடுவாங்கன்னு ஒரு லிஸ்ட் எடுங்க. அப்ளிகேஷன் வரட்டும் பார்த்துக்கலாம்னு இருந்தா லேட். ஏன்னா 2024ல வந்த மத்திய அரசு விதிப்படி 10 கிலோவாட் வரைக்கும் வீட்டு சோலாருக்கு டெக்னிக்கல் ஸ்டடியே கிடையாது, அப்ளை பண்ணா ஓகே ஆன மாதிரி தான், 5 கிலோவாட் வரைக்கும் லைனை பலப்படுத்தற செலவும் மின் நிறுவனத்தோட தலையில தான். போதாததுக்கு பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வேற. நம்ம ஊர்ல ரெண்டு மாச பில்லு 500 யூனிட் தாண்டறவங்க, சொந்த மாடி இருக்கறவங்க, இவங்க தான் முந்துவாங்க. பில்லிங் லிஸ்ட்ல அவங்களை டிக் பண்ணுங்க. ஃபிளாட்டா, மாடி பொதுவா? அவங்க மீட்டிங் போட்டு முடிவெடுக்கறதுக்குள்ள ரெண்டு தீபாவளி போயிடும், கீழ போடுங்க.

அடுத்தது தான் எல்லாரும் கோட்டை விடற இடம். 100 கேவிஏ (டிரான்ஸ்ஃபார்மரோட கொள்ளளவு) டிரான்ஸ்ஃபார்மர்னா 100 கிலோவாட் சோலார் போடலாம்னு நினைக்கறாங்க. கேவிஏ பார்க்காதீங்க, மதியம் லோடு எவ்வளவு குறைவா போகுதுன்னு பாருங்க. டிரான்ஸ்ஃபார்மர் மீட்டர் இருந்தா அதுல எடுங்க, இல்லைன்னா லைன்மேனை விட்டு டாங் டெஸ்டர் (கம்பியைச் சுத்தி கவ்வி கரண்ட் அளக்கற மீட்டர்) போட சொல்லுங்க (நீங்களா போய் கை வைக்காதீங்க ப்ளீஸ்). ஏப்ரல், மே மாசத்துல எடுக்காதீங்க, எல்லா வீட்லயும் ஏசி ஓடும், லோடு ஜாஸ்தியா காட்டி ஏமாத்திடும். ஜனவரி பிப்ரவரியில நல்லா வெயில் அடிக்கற ஒரு ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி, அது தான் சரியான நேரம். உதாரணத்துக்கு ராத்திரி 80 கிலோவாட் இழுக்கற தெரு அந்த நேரத்துல 20 தான் இழுக்குதுன்னு வைங்க. 20 வீடு ஆளுக்கு 3 போட்டா 60, சூடு தூசி எல்லாம் போக 48 வரும், 20 தெருவுலயே செலவாகும், மிச்சம் 28 டிரான்ஸ்ஃபார்மர் வழியா ரிவர்ஸ்ல மேல ஏறும். டிரான்ஸ்ஃபார்மருக்கு இது ஜுஜுபி. அப்போ பிரச்சனை எங்க? கம்பியில.

11 கேவி/433 வோல்ட்னு டிரான்ஸ்ஃபார்மர் மேல எழுதியிருக்கும் பாருங்க, அந்த 433ஐ 1.732ஆல வகுத்தா 250. லோடே இல்லைன்னா ஒரு ஃபேஸுக்கு (மூணு கரண்ட் கம்பியில ஒண்ணுக்கு) 250 வரும். போற வழியில குறையும்னு தெரிஞ்சு தான் ஆரம்பத்துலயே தூக்கி வெச்சிருக்காங்க, ஆனா சோலார் அந்த கடைசியில இருந்து திருப்பி தள்ளுது. எங்க தெரு கணக்கு இது: 400 மீட்டர் தள்ளி வீடு, கிலோமீட்டருக்கு 0.9 ஓம் இருக்கற வீசல்ங்கற மெல்லிசான அலுமினிய கம்பி, போக வர சேர்த்து 0.72 ஓம். மூணு கிலோவாட் பேனல் மதியம் 10 ஆம்பியர் அனுப்புச்சுன்னா 7 வோல்ட் ஏறும். எதிர் வீட்லயும் அதே ஃபேஸ்ல அதே சைஸ், ஆக 14. டிரான்ஸ்ஃபார்மர் அடியில அன்னிக்கு 244, கூட்டிப் பாருங்க, 258. விதிப்படி நார்மலுக்கு 110 சதவீதம் தாண்டினா இன்வெர்ட்டர் ரெண்டு செகண்ட்ல கழண்டுக்கணும், 230ஐ நார்மலா வெச்சு செட் பண்ணியிருந்தா அது 253.

சரி பண்றதுக்கு ஒரு வரிசை இருக்கு, சீப்பானதுல இருந்து போங்க. ஒரே ஃபேஸ்ல குவிஞ்ச வீடுகளை வேற ஃபேஸுக்கு மாத்தறது தான் முதல். அப்புறம் இன்வெர்ட்டர்ல வோல்டேஜ் ஏறும்போது ரியாக்டிவ் பவர் (வேலை எதுவும் செய்யாம லைன்ல போய் வர பவர், இதை இழுத்தா வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும்) இழுக்கற செட்டிங் இருந்தா ஆன் பண்றது. டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜை கூட்டிக் குறைக்கற டேப்பை குறைக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அது பிடிக்காது, சப்ளையை நிறுத்தி மாத்தணும், மதியத்துக்காக குறைச்சா ராத்திரி அதே கடைசி வீட்ல ஃபேன் தள்ளாடும். இதெல்லாம் பத்தலைன்னா தான் தடி கம்பி, இல்லைன்னா நடுவுல இன்னொரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்.

ரொம்ப பயந்து கதவை சாத்தவும் வேணாம். ஹவாய்ல 2013ல, சோலார் அளவு மதிய குறைஞ்ச லோடை தொட்ட லைன்ல எல்லாம் புதுசா சோலார் போட வந்தவங்களை காக்க வெச்சாங்க, அப்புறம் இன்வெர்ட்டரை லேப்ல டெஸ்ட் பண்ணி பார்த்துட்டு மதிய குறைஞ்ச லோடுக்கு 250 சதவீதம் வரைக்கும் விட்டாங்க.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. ராத்திரி எட்டு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஓவர்லோடுன்னா அதுக்கு சோலார் மருந்து இல்லை, பேட்டரி தான், இல்லைன்னா லோடை நேரம் மாத்தணும். மோட்டார், வண்டி சார்ஜிங், ஹீட்டர் இதையெல்லாம் மதியத்துக்கு தள்ள முடியுமான்னு பாருங்க, அந்த 20 கிலோவாட் மதிய லோடு 35 ஆனா ரெண்டு பக்கமும் லாபம். 24 மணி நேரத்துக்கும் 24 கட்டம் போட்டு லோடு ஒரு வரி, சோலார் ஒரு வரி எழுதினா எந்த மணிக்கு எது உதவும்னு கண்ணுக்கே தெரியும், சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம்.

எங்க தெருவுல கடைசியில எதிர் வீட்டை மட்டும் ஆர் ஃபேஸ்ல இருந்து பி ஃபேஸுக்கு மாத்தினாங்க. ஒரு லைன்மேன், ஒரு ஏணி, அரை மணி நேரம். இப்போ மதியம் 251ல நிக்குது. அதுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த மாசம் போடப் போறாராம், அவர் எந்த ஃபேஸ்னு இன்னும் யாரும் பார்க்கலை.