கிறிஸ்துமஸ் வீட்டில் நாயோடு கொண்டாட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரு துண்டு கேக்தானுங்க, பாவம், வாயையே பார்த்துட்டு நிக்குது." டிசம்பர் கடைசியில் கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். தயவுசெய்து அந்தத் துண்டைக் கொடுக்காதீர்கள். பிளம் கேக்கில் இருக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவும் சொல்ல முடியாது, ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிக்கும், இன்னொன்று கொஞ்சத்திலேயே படுத்துவிடும். முதலில் வாந்தி, சோர்வு. ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து நின்றே போகலாம். வாந்தி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது அதைவிட மோசம், உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பே வரலாம். எப்போது, எவ்வளவு தின்றது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

சாக்லேட்டும் விஷம்தான், கறுப்பு கூடக் கூட ஆபத்தும் கூடும்.

அப்புறம் மதியச் சாப்பாடு. பள்ளிபாளையம் சிக்கன் என்றால் சின்ன வெங்காயம் அள்ளிப் போட்டிருப்போம்; வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். அதனால் இலையில் மிஞ்சியதை வழித்துப் போடாமல், மசாலா சேர்க்கும் முன்பே எலும்பில்லாத கறி நாலு துண்டு எடுத்து உப்பில்லாமல் வேகவைத்துவிடுங்கள்.

மரத்தில் தொங்கும் ஜிகினாவை நாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். விழுங்கிவிட்டால் குடல் சுருங்கிச் சுருண்டுகொள்ளும். பின்பக்கம் நுனி தெரிகிறதென்று பிடித்து இழுக்கவே கூடாது, உள்ளே அறுத்துவிடும். சீரியல் லைட் ஒயரையும் எட்டாத உயரத்தில் கட்டுங்கள், குட்டி நாய் கடிக்காமல் விடாது.

போட்டோவுக்காகச் சான்டா தொப்பி மாட்டும்போது காதைப் பின்னால் மடக்கி உதட்டை நக்கினால் அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், கழற்றிவிடுங்கள்.

நள்ளிரவு ஆராதனைக்குக் கிளம்பும்போது வெளியே கட்டிப்போட்டுப் போவதுதான் எனக்கு ஆறாத வருத்தம். பட்டாசுச் சத்தத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் உண்டு. உள் அறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஓடவிடுங்கள். மசாலா இல்லாமல் வேகவைத்த அந்தக் கறித் துண்டுகளைப் பழைய டவலில் சுருட்டி ஒளித்து, கிளம்பும் முன் பக்கத்தில் உட்கார்ந்து தேட விடுங்கள். மூக்கை நுழைத்து மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தின்று களைத்து அதுவே படுத்துக்கொள்ளும்.